உப்புக்காற்றில் பழைய சஃபாரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பழைய பெரிய வண்டிகளை வீட்டிலேயே பழுது பார்ப்பது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவை. அங்கே இரும்பு படும் பாடு வேறு என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் 2009 மாடல் டாடா சஃபாரி டைகார் இருக்கிறது. வீடு தங்கச்சிமடம். விருந்தாளி வந்தால் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய் வருவேன். அடியில் சேஸி (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) முழுக்கத் துரு. கறுப்பு அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் பத்து வருஷம் கவலையில்லை என்கிறார்கள். நானே அடிக்கலாமா?
— தங்கச்சிமடம் வாசகர்

நீங்களே அடிக்கலாம், ஆனால் இப்போது அடிக்காதீர்கள். துரு மேல் அந்தக் கோட்டிங்கைப் பூசுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுகிற வேலை. மேலே கறுப்பாகப் பளபளவென்று இருக்கும், உள்ளே உப்பும் ஈரமும் வெளியே வர வழியில்லாமல் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும், அது தின்பது உங்கள் கண்ணுக்கும் தெரியாது. இதற்காக வாங்குகிற காசை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை.

முதலில் தண்ணீர். உங்கள் பக்கம் பல வீட்டில் போர் தண்ணீரே உப்பு, அதைப் பீய்ச்சிக் கழுவினால் பலனில்லை. காவிரித் தண்ணீரோ ஊரணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ, நல்ல தண்ணீராக இருக்கட்டும். வாட்டர் சர்வீஸுக்கு விடுவதானாலும் அங்கே என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டு விடுங்கள். சஃபாரியின் சேஸி நீளமான பெட்டி வடிவ இரும்பு, உள்ளே வெற்றிடம். அதன் அடியில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டைகள் உண்டு, பழைய வண்டியில் அவை மணலும் சேறுமாக அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, பக்கவாட்டு ஓட்டையில் ஹோஸைச் சொருகித் தண்ணீர் விடுங்கள். முதலில் காப்பிக் கலரில் மணலோடு வரும். தெளிந்து வருகிற வரை நிறுத்த வேண்டாம். வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் சேஸி உள்ளிருந்துதான் போகும் என்பதால் இந்த வேலையைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, அப்புறம் சின்னச் சுத்தியலோடு அடியில் போங்கள். போவதற்கு முன் ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. கெட்டித் தரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சேஸிக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் வைத்த பிறகுதான். மணல் தரையில் ஸ்டாண்டும் புதையும், ஹாலோ பிளாக் கல் திடீரென்று நொறுங்கும்.

சேஸியை நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. சத்தம் செத்துப் போய் செதில் உதிர்ந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பின் ஆக்சில் லிங்க் பிடிக்கிற பிராக்கெட்டுகள், பாடி உட்காரும் ரப்பர் மவுண்ட் இருக்கும் இடங்கள், பின் குறுக்குச் சட்டம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள். ஓட்டை விழுந்திருந்தால் அது உங்கள் வேலையில்லை, சேஸி வேலை தெரிந்த வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

ஓட்டை இல்லையென்றால் கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு உதிர்கிற துருவை எல்லாம் எடுங்கள். ஒட்டிப் பிடித்த மிச்சத் துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசினால் கறுத்து இறுகும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். அதற்கு மேல் எபாக்ஸி பிரைமர், பிறகு பெயிண்ட் இரண்டு கை, எல்லாம் முழுசாகக் காய்ந்த பிறகு ஆசைப்பட்டால் அந்தக் கறுப்புக் கோட்டிங். பெட்டிக்குள்ளே நீளக் குழாய் வைத்த மெழுகு ஸ்பிரே. பிரேக் டிஸ்க், சைலன்ஸர், ரப்பர் புஷ் எதிலும் படாமல் பேப்பர் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துரு ஏறாத ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயிண்டும் கொடுத்திருக்கிறார்கள். அதே காற்றுதான் உங்கள் வாசலிலும் அடிக்கிறது, அதனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் விசைப்படகின் அடியில் ஜிங்க் கட்டி மாட்டியிருக்கிறோம், அது கரையும், படகு இரும்பு தப்பிக்கும். அதே கட்டியை ஸ்கார்பியோ சேஸியில் போல்ட் போட்டு மாட்டினால் துரு நிற்குமா?
— பாம்பன் வாசகர்

நல்ல கேள்வி, ஆனால் நிற்காது. படகில் ஜிங்க்கும் இரும்பும் ஒரே கடல்நீரில் முங்கிக் கிடக்கின்றன. அந்த நீர் வழியாகத்தான் மின்னோட்டம் சுற்றி வருகிறது, அதனால்தான் இரும்புக்குப் பதில் ஜிங்க் கரைகிறது. வண்டி நிற்பது காற்றில். கட்டியை ஒட்டி ஈரம் பட்ட இரண்டு மூன்று விரல் இடம் வேண்டுமானால் தப்பிக்கும், ஒரு முழம் தள்ளி இருக்கிற இரும்புக்கு அது இருப்பதே தெரியாது. பேட்டரியில் மாட்டினால் துரு வராது என்று விற்கிற சின்னப் பெட்டிகளுக்கும் இதே பதில்தான், வாங்காதீர்கள். ஜிங்க் வேலை செய்ய வேண்டுமானால் இரும்பு மேலேயே படர்ந்து இருக்க வேண்டும். ஜிங்க் நிறைந்த பிரைமர் கிடைக்கிறது, ஆனால் துருவெல்லாம் போய் வெள்ளையாகத் தேய்த்த இரும்பில்தான் அது பிடிக்கும்.

வாப்பா வாங்கிய பழைய சுமோ. ஸ்டார்ட் அடித்தால் முக்கி முனகி எடுக்கிறது, ஹெட்லைட்டும் மங்கல். பேட்டரி புதுசு. 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார்கள், எல்இடி என்கிறார்கள். எது நல்லது?
— கீழக்கரை வாசகர்

இரண்டும் வேண்டாம். புதுப் பேட்டரி போட்டும் முக்குகிறது, லைட்டும் மங்குகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் எர்த் ஒயர் மேல்தான், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கிற பட்டை மேல். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரண்ட் வழியிலேயே வீணாகிறது. எர்த் பட்டையைக் கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், கம்பி இழைகள் கைபட்டாலே பொடியாக உதிரும். பட்டையைப் புதிதாகப் போட்டு, அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் மினுங்கத் தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

லைட்டுக்கு, அதே எச்4 வகை 60/55 வாட் பல்புக்கே ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) வைத்த தனி ஒயரிங் கிட் போடுங்கள். பழைய ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருகிற கரண்ட் நேராக பேட்டரியிலிருந்து போகும், வெளிச்சம் நிஜமாகவே கூடும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 100/90 போட்டால் ஹோல்டரும் பழைய ஒயரும் உருகும். ஹாலஜனுக்காகச் செய்த லைட்டுக்குள் எல்இடி பல்பைச் செருகினால் எதிரே வருகிறவர் கண்தான் கூசும், இசிஆரில் ராத்திரி சைக்கிளில் வருகிற மனுஷனை நினைத்துப் பாருங்கள். முன்னால் இரும்பு பம்பர் கார்டு போடலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். 2017-லேயே மத்திய அரசு அதைத் தடுத்துவிட்டது, மோதலில் நடந்து போகிறவருக்கு அதுதான் எமன்.

மழை பெய்தால் டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நனைகிறது. முன் கண்ணாடி ரப்பரை மாற்றச் சொல்கிறான் தம்பி. வண்டி வாசலில் கருவேல மர நிழலில்தான் நிற்கும்.
— உச்சிப்புளி வாசகி

கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். சீமைக்கருவேல இலை அரிசி அளவுக்குப் பொடியாக இருப்பதால் வைப்பருக்கு அடியில் இருக்கிற ஜன்னல் மாதிரிக் கம்பி வலையில் சுலபமாக நுழைந்துவிடும். உள்ளே ஒரு பள்ளம், அதன் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் கீழே இறங்கும் வழி. பானெட்டைத் தூக்கி அந்த மூலையில் விரலை விட்டால் கறுப்பாகக் குழைந்து ஒரு கைப்பிடி வரும். அதை எடுத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் கொட்ட வேண்டும். கொட்டினால் ரப்பருக்குச் செலவில்லை.

ஈரம் வழவழப்பாகவும் லேசான இனிப்பு வாடையோடும் இருந்தால் மட்டும் அது மழைத் தண்ணீர் இல்லை, கூலன்ட், ஹீட்டர் கசிகிறது என்று அர்த்தம். எப்படியானாலும் கார்ப்பெட்டை முழுசாகத் தூக்கிக் காயப்போடுங்கள். கடலில் கால் நனைத்து ஏறுகிறவர்கள் கொண்டுவரும் மணலும் உப்பும் அதன் அடிப் பஞ்சில்தான் தங்கும், மேலே ரப்பர் மேட்டும் போட்டிருந்தால் அது காயவே காயாது.

ரேடியேட்டரில் வீட்டுத் தண்ணீர் ஊற்றலாமா?
— ஏர்வாடி வாசகர்

ஆத்திர அவசரத்துக்கு ஒருமுறை சரி. வழக்கமாகக் கூடாது. உப்பு அலுமினியத்தைத் தின்னும், சுண்ணாம்பு குழாய்களை அடைக்கும். பேட்டரிக்கு விற்கிற டிஸ்டில்டு வாட்டரும் தண்ணீர் கலக்காத கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.

வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். கையில் இருபதாயிரம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, சீட் கவர், புது அலாய் வீல் என்று பையன் பட்டியல் போடுகிறான். எதைச் செய்வது?
— தொண்டி வாசகர்

ஆர்.சி. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிப்பார்கள், வண்டியை நேரில் பார்ப்பார்கள், பிரேக், லைட், புகை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஆகவே பையனைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை மாற்றுங்கள், அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பிரேக் பேட் கழற்றும்போது, பேடை அழுத்துகிற காலிப்பர் நகர்வதற்கான கம்பி (காலிப்பர் 'பின்') கையால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா என்று பாருங்கள். மணலும் துருவும் பிடித்து இறுகியிருந்தால் சுத்தம் செய்து பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். இரும்பு பிரேக் பைப் செதில் விட்டிருந்தால் அதை மெக்கானிக் கையால் மாற்றுங்கள், இதில் சொந்த முயற்சி வேண்டாம்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற வண்டியில் டயர் தேயாது, வெயிலில் கெட்டிப்பட்டு வெடிப்பு விடும். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு எண் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் வருஷம் 23-வது வாரத்தில் செய்த டயர். பத்து வருஷத்தை நெருங்கியிருந்தால் உங்கள் இருபதாயிரத்தில் முதல் பங்கு அதற்குத்தான், ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.