நடவு வயலில் கேமரா: கேட்டதும் சொன்னதும்

டெல்டா விவசாயக் கூலிகளைப் பல வருடமாகப் படமெடுத்து வருகிறேன். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

நல்ல கேமரா இல்லாமல் தொடங்கலாமா அண்ணே? (மன்னார்குடி)

போன் போதும் தம்பி. கூடவே ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளை லூயிஸ் ஹைன் 1908 முதல் படமெடுத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவராகக்கூடப் போயிருக்கிறார். தன் கோட்டுப் பொத்தானை வைத்தே பிள்ளையின் உயரத்தைக் கணக்கிட்டு, பைக்குள் கைவிட்டு மறைவாகக் குறித்துக்கொள்வார். பெயரும் வயதும் சேர்ந்திருக்கும் படத்தைப் பொய்யென்று தள்ளுவது கஷ்டம்.

நடவுப் படம் எடுத்தால் காலண்டர் மாதிரியே வருகிறதே? (திருத்துறைப்பூண்டி)

வரப்பில் நின்று எடுத்தால் அப்படித்தான் வரும். பச்சை, வானம், வரிசையாகக் குனிந்த முதுகுகள். வயலில் இறங்குங்கள். வேலை முடிந்து கரையேறியதும் வாய்க்காலில் கால் கழுவுவார்கள், அப்போது பக்கத்தில் இருங்கள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெளுத்துப் பிளந்திருக்கும். அந்தக் காலை எந்தக் காலண்டரும் போடாது. நடவு இயந்திரம் வந்த ஊரில் அந்த அக்காக்கள் இப்போது எங்கே வேலைக்குப் போகிறார்கள்? அதையும் எடுக்க வேண்டும்.

அனுமதி கேட்டால் இயல்பு போய்விடாதா? (பேராவூரணி)

பத்து நிமிடம் போகும். அப்புறம் உங்களை மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

2018 நவம்பரில் கஜா அடித்த மறுநாள், உங்கள் பக்கத்தில்தான், விழுந்த தென்னைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒருவரைக் கேட்காமல் எடுத்தேன். படம் அச்சில் வந்தது. அடுத்த மாதம் போனபோது அவர் கேட்டார்: "என் தோப்பு, என் மூஞ்சி. எம் பேரு எங்க தம்பி?" நான் வாய் திறக்கவில்லை. டோரதியா லாங் 1936-இல் எடுத்த, உலகமே பார்த்த அந்தப் புலம்பெயர்ந்த தாய்க்கும் இதே கதிதான். அந்தத் தாயின் பெயரை லாங் கேட்கவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியில் தெரிய 1978 ஆகிவிட்டது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அந்த அம்மா வருந்தினார்.

கீழ்வெண்மணிக்குப் போய் எடுக்கலாமா? (நாகப்பட்டினம்)

போங்கள். 1968 டிசம்பர் 25-இல் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேருக்காக வருடாவருடம் அங்கே கூடுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகும் இரண்டு நாள் தங்குங்கள்.

இதில் வருமானம் உண்டா? (கும்பகோணம்)

எனக்கு இல்லை. கல்யாணம் எடுத்துத்தான் வீடு ஓடுகிறது. முகூர்த்தம் இல்லாத நாள்தான் வயலுக்கு. எடுத்த ஒவ்வொருவருக்கும் பிரின்ட் போட்டு, பின்பக்கம் பெயர் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தோப்புக்காரருக்குத்தான் முதலில் கொடுத்தேன்.