என்ஜின்எக்ஸை அப்டேட் செய்ததும் சர்வர் எழும்பவில்லை, ஏன்?

மதுரை மாசி வீதிச் சுங்குடிக் கடையின் தளம், வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸை 1.25.1-க்கு ஏற்றியதும் படுத்துவிட்டது என்கிறீர்கள். காரணம், கான்ஃபிக் ஃபைலில் (அமைப்புகள் எழுதிய ஃபைல்) இருக்கும், குறியாக்கத்தை இயக்கும் 'எஸ்எஸ்எல் ஆன்' வரிதான். 2018-இலேயே, 1.15.0 முதல், எச்சரிக்கை காட்டிவந்தார்கள், 2023-இல் 1.25.1-இல் அடியோடு நீக்கிவிட்டார்கள்.

வரியை அழித்தால் மட்டும் போதாது. 'லிசன் 443' வரியின் கடைசியில் 'எஸ்எஸ்எல்' சேருங்கள். இல்லாவிட்டால் அந்த போர்ட் குறியாக்கம் இல்லாமல் திறந்துகொள்ளும், கடையில் பணம் கட்டுகிறவர்கள் பாவம். அதே வரியில் 'எச்டிடிபி2' (எச்டிடிபியின் இரண்டாம் பதிப்பு) இருந்தால் எடுத்துவிட்டு, 'எச்டிடிபி2 ஆன்' என்று தனி வரியாக எழுதுங்கள். இந்த 'எச்டிடிபி2'-ஐ மட்டும் பழையபடி விட்டாலும் இப்போதைக்கு ஓடும், எச்சரிக்கைதான் வரும். ஆனாலும் கையோடு மாற்றிவிடுங்கள்.

பழைய கான்ஃபிக் ஃபைலின் நகலை 'சைட்ஸ்-எனேபிள்ட்' ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். உபுண்டுவில் அங்கிருக்கும் அத்தனையையும் என்ஜின்எக்ஸ் படிக்கும். 'என்ஜின்எக்ஸ் -டி' (nginx -t) கொடுத்துச் சரிபார்த்த பிறகே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.