விருந்துக்கு ஓட்டம் பரிகாரமா?

கேள்வி: எனக்கு வயது 46, நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. திங்கள் முதல் சனி வரை இரவு ஒரு வேளை மட்டுமே உண்கிறேன். ஞாயிறன்று மனம்போல் சாப்பிட்டுவிட்டு, அதைக் கரைக்க மாலையில் இரண்டு மணி நேரம் ஓடுகிறேன். பிறகு இரண்டு நாள் படியேற முடியாமல் தொடை வலிக்கிறது. இது கட்டுப்பாடு என்கிறேன் நான். அளவு மீறல் என்கிறார் என் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதே சரி. ஆறு நாள் வயிற்றைக் காயப்போட்டு, ஏழாம் நாள் நிரப்பி, நிரப்பியதற்காகக் கால்களை வதைப்பதைக் கட்டுப்பாடு என்று என்னால் ஏற்க முடியாது. சோற்றைப் பாவமாகவும் ஓட்டத்தை அதற்குரிய பரிகாரமாகவும் எண்ணுகிறீர்கள். அந்த எண்ணமே இரண்டிலும் உங்களை அளவு தவற வைக்கிறது.

அந்தப் பரிகாரம் பெரிதாகப் பலிப்பதும் இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் ஏறக்குறைய 300 கலோரி செலவாகும்; ஒரு மசால் தோசை அதைத் திருப்பித் தந்துவிடும். ஓடினால் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் வாரமெல்லாம் நாற்காலியில் இருந்த உடம்பை, அதுவும் வயிறு நிறைந்த நாளில், இரண்டு மணி நேரம் ஓட வைப்பதை இந்த வயதில் நீங்கள் உடனே நிறுத்த வேண்டும். இதயம் வலுப்பட, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்க, தசை தேயாதிருக்க உதவுவதே பயிற்சியின் பெரும்பயன். அதற்குப் பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமாக உழைத்தால் போதும் என்றும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அரை மணி நடையை ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் வந்துவிடும்.

பட்டினியால் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. ஆகவே பகல் உணவை மீண்டும் தொடங்குங்கள். சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மோர், காய்கறி ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போவதானால் மகிழ்ச்சியோடு உண்ணுங்கள். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போனவரால்தான், மறுமுறை பரிமாற வருகிறவரிடம் மனதாரப் போதும் என்று சொல்ல முடியும்.

தொடை வலியைப் பற்றி: பழகாத உழைப்புக்குப் பின் ஓரிரு நாள் தசை வலிப்பது இயல்பு. ஆனால் வலி தாங்க முடியாததாகி, தொடை வீங்கி, சிறுநீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் வந்தால், சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலையாக அது இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரைக்காக மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. எடுத்துக்கொள்பவராயின், பட்டினியாலும் நெடுநேர ஓட்டத்தாலும் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஆகையால் வரும் ஞாயிறு வரை காத்திராமல் உங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.