அமிலம் இறங்கியும் வலி இறங்கவில்லையா?

சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகும்போது வரும் வயிற்று வலி பற்றி டெல்டாக்காரர்கள் கேட்டவை. தஞ்சைப் பக்கம் பொது மருத்துவம் பார்த்த நான் எழுதிய பதில்கள்.

மன்னார்குடி: தம்பி மகனுக்கு 19 வயது, சிறுவயதிலிருந்தே இன்சுலின். வயிற்று வலி, வாந்தி. குடல்வால் என்று ஆபரேஷனுக்குத் தயாரானவர்கள், அப்புறம் "சர்க்கரைதான்" என்று டிரிப் போட்டார்கள். மறுநாள் எழுந்து இட்லி கேட்டான். வலி எங்கே போனது ஐயா?

அமிலத்தோடு போய்விட்டது. இன்சுலின் போதாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கும். கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரும். தொட்டால் வயிறு விறைப்பாகக்கூட இருக்கும், அறுவை மருத்துவரே ஏமாறுவார். நான் முதலில் தேடுவது பைகார்பனேட் அளவை. ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் உப்பு அது, அமிலம் ஏற ஏற அது குறையும். 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அது 5-க்குக் கீழே இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு வயிற்று வலி. 15-க்கு மேல் இருந்தவர்களில் 13 சதவீதம்தான்.

கும்பகோணம், செவிலியர்: அமைலேஸ் (கணைய நொதி) மூன்று மடங்கு, வெள்ளணு 18,000. கணைய அழற்சியா டாக்டர்?

இரண்டுமே அமிலத்தாலேயே ஏறும். வெள்ளணு 25,000-ஐத் தாண்டினால் கிருமித்தொற்றைத் தேடுங்கள். குழாயில் எடுத்த ரத்தம் பால் கலந்தது போல் இருந்தால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பைப் பாருங்கள். 1,000-க்கு மேல் என்றால் கணையத்தின் மேல் சந்தேகம் நியாயம், ஸ்கேன் வேண்டும்.

திருத்துறைப்பூண்டி: அத்தைக்குச் சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை. இன்று வயிற்று வலி, மூச்சு வாங்குகிறது. குளுக்கோமீட்டரில் 190தான். வாயுவா? சோடா கொடுக்கலாமா?

சோடாவை வையுங்கள், வண்டியை எடுங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் இந்த வகை மாத்திரையில் சர்க்கரை 250-க்குள் இருந்தும் அமிலம் ஏறலாம். மாத்திரை அட்டையைக் காட்டி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். ஈசிஜியும் எடுக்கட்டும், மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரும்.

நாகை: சாப்பிடாத பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தலாமா?

அடியோடு நிறுத்தவே கூடாது. அளவை மட்டும் மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள்.

பட்டுக்கோட்டை, பயிற்சி மருத்துவர்: எவ்வளவு நேரம் பொறுக்கலாம் சார்?

அமிலம் இறங்க இறங்க வலியும் இறங்குகிறதா என்று மணிக்கொரு தடவை வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். இறங்காவிட்டால் உடனே அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நான் ஒருமுறை கூப்பிடவில்லை. நடவு வயலிலிருந்து வந்த அம்மா, சர்க்கரை 480. அது இறங்கியது, வலி அப்படியே நின்றது. விடியட்டும் என்றிருந்தேன். காலையில் திறந்தபோது பித்தப்பை அழுகி ஓட்டையாகியிருந்தது. பிழைத்துக்கொண்டார். வந்த அன்றே பைகார்பனேட் 16 என்று என் கையெழுத்திலேயே கேஸ் ஷீட்டில் இருந்தது. அவ்வளவு லேசான அமிலத்துக்கு அவ்வளவு வலி ஏன் என்று நான் கேட்கவே இல்லை.