ஸ்லோவில் வந்து வந்து போகும் டக் டக்: எஞ்சினை இறக்கும் முன் ஏர் கேஜைப் பாருங்கள்

பெங்களூரு பீன்யாவில் இருந்து ஒரு லாரி உரிமையாளர் கேட்டிருக்கிறார். ஆறு சிலிண்டர் பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி, அவரே ஓட்டுகிறார். யஷ்வந்த்பூர் மண்டியில் லோடு இறக்க ஸ்லோவில் (ரேஸ் கொடுக்காமல் எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில்) நிற்கும்போது எஞ்சின் பக்கம் டக் டக் என்று சத்தம், கொஞ்ச நேரம் இருக்கும், தானாக நின்றுவிடும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். ரேஸ் கொடுத்தால் சத்தமே இல்லை. ஷெட்டில் காட்டியதற்கு, பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் ராடை கிராங்க் தண்டோடு சேர்க்கும் பேரிங்) போயிருக்கும், எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கணும் என்று சொல்லிவிட்டார்களாம். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். பேரிங் தேய்ந்து அடிக்கும் சத்தம் இப்படித் தானாக வந்து தானாக நிற்பது அபூர்வம். பிக் எண்ட் என்றால் ரேஸ் கொடுத்துக் காலை எடுக்கும்போது பளிச்சென்று கேட்கும், லோடில் மேடு ஏறும்போது கூடும், ஆயில் சூடாகி இளகிய பிறகு இன்னும் மோசமாகும். நீங்கள் சொல்வது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர். ஆனாலும் முதல் வேலையாக டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்லோவில் ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பிரஷர் விழுந்தாலோ ஆயில் லைட் எரிந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் வண்டியை ஓட்டி எதையும் சோதிக்க வேண்டாம்.

பிரஷர் சரியாக இருந்தால் என் முதல் சந்தேகம் ஏர் கம்ப்ரசர் மேல்தான். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் அந்தக் கம்ப்ரசரைப் பெரும்பாலான லாரிகளில் எஞ்சினின் டைமிங் கியர்தான் (கிராங்க் சுற்றில் ஓடும் பல்சக்கரம்) சுற்ற வைக்கிறது. அதற்குள்ளும் தனியாக ஒரு கிராங்க், கனெக்டிங் ராட், பிஸ்டன் எல்லாம் உண்டு, எஞ்சின் ஆயிலே அங்கேயும் போகிறது. அதன் பேரிங் தேய்ந்தாலோ கியரில் பல்லுக்குப் பல் இடைவெளி கூடினாலோ வரும் சத்தம் அசல் எஞ்சின் சத்தம் மாதிரியே இருக்கும், பழகிய காதும் ஏமாறும். இது விட்டு விட்டு வருவதற்குக் காரணம் சுலபம்: டேங்கில் காற்று குறைந்தால் கம்ப்ரசர் லோடு எடுக்கும், அதாவது காற்று அடைக்கும், நிறைந்ததும் லோடு விட்டுவிடும். மண்டி வரிசையில் அடிக்கடி பிரேக் பிடித்து அங்குலம் அங்குலமாக நகரும்போது காற்று இறங்கி இறங்கி ஏறும், சத்தமும் அதோடு சேர்ந்தே வந்து போகும். ரேஸ் கொடுத்தால் மறைவதும் இதற்குப் பொருந்துகிறது, ஏனென்றால் ஸ்லோவில்தான் கிராங்க் ஒவ்வொரு அடிக்கும் உதறி உதறிச் சுற்றும், வேகம் கூடியதும் சுற்று சீராகி கியர் பல் தட்டுவது அடங்கிவிடும்.

சோதிப்பதற்குக் காசு வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஸ்லோவில் விடுங்கள். காற்று நிறைந்ததும் டிரையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் டப்பா) பக்கம் உஸ் என்று ஒரு சத்தம் வரும், பல வண்டிகளில் அப்போது ஏர் கேஜ் 8 கிலோ பிரஷருக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த உஸ்ஸோடு டக் டக்கும் நிற்கிறதா? இப்போது பிரேக்கை மிதித்து மிதித்து காற்றை இறக்குங்கள். கேஜ் இறங்கி கம்ப்ரசர் மறுபடி லோடு எடுக்கும் இடத்தில் டக் டக் ஆரம்பிக்கிறதா? கேஜும் தெரிந்து சத்தமும் பதிவாகிற மாதிரி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஷெட்டில் வாதாடுவதைவிட அதைக் காட்டுவது மேல். இரண்டு மூன்று சுற்றும் ஒத்துப்போனால் ஆள் அகப்பட்டுவிட்டது. ஏர் டேங்கின் டிரெயின் வால்வைத் திறந்தும் பாருங்கள், தண்ணீரோடு கறுப்பாக ஆயில் வந்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்திருக்கிறது என்பதற்கு அது இன்னொரு சாட்சி. கம்ப்ரசரை மட்டும் கழற்றிச் சரிபார்ப்பது எஞ்சினை இறக்கும் செலவில் ஒரு சின்னப் பங்குதான்.

கேஜுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அடுத்தது கிளச். சத்தம் வரும் நேரத்தில் நியூட்ரலில் கிளச்சை மிதியுங்கள். நின்றுபோனால் கியர் பாக்ஸ் இன்புட் பக்கமோ கிளச் பிளேட் ஸ்பிரிங்கோ காரணம். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங் (கிளச்சை விடுவிக்கும் பேரிங்). மிதிக்கும்போது கனமான ஓர் அடி மாறிக் கேட்டால் கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று சந்தேகப்பட்டு, டயல் கேஜ் வைத்து அந்த ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள், அதைத் தள்ளிப்போடக் கூடாது. கிராங்க் புல்லியின் ரப்பர், எஞ்சின் மவுண்டிங், சேஸிஸில் இடிக்கும் சைலன்சர் பைப் இதெல்லாம் ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

அப்புறம் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம். பழைய பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு பைப் நட்டாக இளக்கி, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்கள். உங்களுடையது காமன் ரெயிலாக (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் பிரஷர் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இருந்தால் ஓடும் எஞ்சினில் அந்த நட்டில் ஸ்பேனரே வைக்கக் கூடாது, யாரையும் வைக்க விடாதீர்கள். அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் போகக்கூடிய பிரஷர், டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும், முதலில் வலிகூடத் தெரியாது, கையையே இழக்க நேரலாம். ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு சிலிண்டராக டீசலைக் கட் பண்ணிப் பார்ப்பதுதான் முறை. கட் பண்ணியதும் சத்தம் அடங்கிவிட்டால் இன்ஜெக்டர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அந்த சிலிண்டரில் லோடு போய்விடுவதால் பேரிங் சத்தமும் அதேபோல் அடங்கும். அந்த இன்ஜெக்டரை வேறு சிலிண்டருக்கு மாற்றுங்கள், பல மாடல்களில் அதன் குறியீட்டு எண்ணை (கோட்) ஸ்கேனரில் மறுபடி பதிய வேண்டியிருக்கும். சத்தமும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர், பழைய சிலிண்டரிலேயே நின்றால் உள்ளே கோளாறு.

அப்படி உள்ளேதான் என்று வந்தாலும் எடுத்தவுடன் இறக்க வேண்டியதில்லை. ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள், பேரிங் போயிருந்தால் பொடிப்பொடியாக மினுக்கும். மினுக்கினால் பெரும்பாலான லாரிகளில் எஞ்சின் வண்டியிலேயே இருக்க, ஆயில் சம்ப்பை (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) மட்டும் கழற்றி, கீழிருந்தே பிக் எண்ட் கேப்பைத் திறந்து பேரிங்கைக் கண்ணால் பார்த்துவிடலாம். இறக்குவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.