ஒப்புதல் வாக்குமூலம் இல்லாமல் பழைய வழக்கு முடியுமா? லினெட் டாசன் வழக்கு குறித்த கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பேவியூ பகுதியில் வசித்த லினெட் டாசன் 1982 ஜனவரியில் காணாமல் போனார். வயது 33, இரண்டு பெண் குழந்தைகளின் தாய். பள்ளி ஆசிரியரும் முன்னாள் ரக்பி வீரருமான கணவர் கிறிஸ் டாசன் கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆனாலும் 2022 ஆகஸ்ட் 30 அன்று அவர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. இதையொட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சந்தேகத்துக்குரியவர் வாய் திறக்காவிட்டால் வழக்கு அவ்வளவுதானே, ஐயா?

இல்லை. ஒப்புதலை மட்டும் நம்பியிருக்கும் வழக்குதான் உண்மையில் பலவீனமானது. மிரட்டியும் வாங்கலாம், மனநிலை சரியில்லாதவர் தானாகவும் சொல்லலாம். சொன்னவர் பின்னால் மறுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது.

உடலே இல்லாதபோது அவர் இறந்துவிட்டார் என்று எப்படி முடிவு செய்தார்கள்? எங்காவது போய் வாழ்ந்திருக்கலாமே?

எதிர்த்தரப்பான கிறிஸின் வாதமே அதுதான். அதனால் நீதிமன்றம் முதலில் லினெட்டின் வாழ்க்கையைத்தான் ஆராய்ந்தது. ஜனவரி 8 அன்று அம்மாவுடன் தொலைபேசியில் பேசுகிறார். மறுநாள் நார்த்பிரிட்ஜ் நீச்சல் குளத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. மறுநாள் அம்மா வருகிறார், குழந்தைகளோடு கிறிஸ் இருக்கிறார், லினெட் மட்டும் வரவில்லை. அங்கே கிறிஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. லினெட்தான் பேசினாள், சில நாள் தனியாக இருக்க வேண்டுமாம் என்கிறார். மறுமுனையில் பேசியது யார் என்பதற்கு அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. லினெட் அழைத்தார் என்பது பொய் என்று நீதிபதி இயன் ஹாரிசன் முடிவு செய்தார்.

சில நாள்களிலேயே, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்துபோன கிறிஸின் முன்னாள் மாணவி அந்த வீட்டில் குடியேறினார். அவளுடன் குவின்ஸ்லாந்துக்குப் போய்ப் புதுவாழ்வு தொடங்க கிறிஸ் முந்தைய மாதம்தான் புறப்பட்டு, பாதிவழியில் திரும்பியிருந்தார். மனைவியைக் காணவில்லை என்று போலீசில் சொன்னதோ ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து! குழந்தைகள்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு தாய், நாற்பது ஆண்டுகளில் ஒரு பிறந்தநாளுக்குக்கூட அவர்களை அழைக்கவில்லை என்பதை நம்ப முடியுமா? தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. தீர்ப்பைப் படித்து முடிக்க நீதிபதிக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது.

டி.என்.ஏ. உதவவில்லையா?

இந்த வழக்கில் இல்லை. 2018இல் பழைய வீட்டு வளாகத்தைத் தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 1996இல் காணாமல் போன மாணவி கிறிஸ்டின் ஸ்மார்ட் வழக்கில் தடயவியல் கொஞ்சம் கைகொடுத்தது. 2021இல் சந்தேக நபரின் தந்தை வீட்டுத் தளத்துக்கு அடியில் மண் கிளறப்பட்டதற்கான அடையாளமும் மனித இரத்தத்தின் தடயமும் கிடைத்தன. அங்கும் உடலோ ஒப்புதலோ இல்லாமலே 2022இல் அந்த நபர் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நாற்பது ஆண்டு?

இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. "ஓடிப்போன மனைவி" என்று தொடக்கத்திலேயே கோப்பை ஓரங்கட்டினார்கள். 2001, 2003 ஆகிய இரண்டு மரண விசாரணைகளும் கணவரைத்தான் சுட்டின. ஆதாரம் போதாது என்று அரசுத் தரப்பு வழக்குத் தொடரவில்லை. லினெட்டின் தாய் தீர்ப்பைக் காணாமலே போய்ச்சேர்ந்தார். அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

இந்த வழக்கைப் பற்றி 2018இல் வந்த பாட்காஸ்ட் (இணைய ஒலித்தொடர்) தான் வழக்கை முடித்ததா?

பாதி உண்மை. மக்கள் கவனமும் புதிய சாட்சிகளும் அதனால் வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் கைது நடந்தது. ஆனால் நியாயமான விசாரணை நடக்காது என்று எதிர்த்தரப்பு வாதாட அதுவே ஆயுதமுமானது. ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் நடுவர் குழு) இல்லாமல் தனி நீதிபதி விசாரித்ததற்கு அந்தப் பரபரப்பே காரணம். 24 ஆண்டு தண்டனை. மேல்முறையீடு 2024இல் தள்ளுபடியானது.

உடலைக் காட்டாவிட்டால் பரோல் இல்லை என்ற சட்டம் பலன் தருமா?

லினெட்டின் பெயரால் 2022இல் சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கொண்டுவந்த அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் தண்டனை பெற்றபோதே டாசனுக்கு வயது 74. அந்த வயதில் பரோல் ஆசை எவ்வளவு தூரம் வாய் திறக்க வைக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

எங்கள் உறவினர் காணாமல் போய் இருபது ஆண்டு ஆகிறது. நாங்கள் இப்போது என்ன செய்வது?

பெற்றோரோ உடன்பிறந்தவரோ உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய டி.என்.ஏ. மாதிரியைப் பதிவு செய்யக் கேளுங்கள். அடையாளம் தெரியாத எலும்புகள் பின்னால் கிடைத்தால் ஒப்பிட அது உதவும். பல் மருத்துவரின் பதிவு இருந்தால் வாங்கிவையுங்கள். முக்கியமாக, அந்த நாள்களில் அக்கம்பக்கம் இருந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். வயதானவர்களை முதலில் பாருங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசாதீர்கள், ஒருவர் நினைவு இன்னொருவர் நினைவோடு கலந்துவிடும். தனித்தனியே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி, ஒரு பிரதியைப் போலீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.