பேலருக்குள் நடப்பது என்ன? கேள்வி பதில்

வைக்கோலையும் உலர்ந்த புல்லையும் கட்டாக்கும் பேலர் இயந்திரங்களை ஓட்டுவதிலும் பழுதுபார்ப்பதிலும் பல பருவங்களைக் கழித்தவன் என்பதால், அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்திருக்கிறேன். சிறிய சதுரக் கட்டுப் பேலரைப் பற்றியே பெரும்பாலானோர் கேட்டிருப்பதால், வேறு வகை என்று குறிப்பிடாத இடங்களில் அதையே மனத்தில் கொள்ளவும்.

கேள்வி: கட்டு உருவாகும் அறையின் பின்பக்கம் திறந்தே கிடக்கிறது. சுவரே இல்லாத இடத்தில் புல் எதன்மேல் மோதி அழுந்துகிறது?

அதற்கு முன்பே செய்து முடித்த கட்டின்மேல் மோதித்தான் அழுந்துகிறது. பேலரை இயக்கும் டிராக்டரின் பி.டி.ஓ. (ஆற்றல் கடத்தும்) தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று சுழலும்போது, புல்லை அழுத்தும் தள்ளுகட்டையான பிளஞ்சர் ஏறத்தாழ 80 முதல் 100 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. அது பின்வாங்கும் நேரத்தில் ஊட்டும் விரல்கள் ஒரு பிடி புல்லைப் பக்கவாட்டிலிருந்து அறைக்குள் தள்ளுகின்றன. பிளஞ்சர் திரும்பி வரும்போது, அதன் விளிம்பிலுள்ள கத்தி, அறையின் வாயிலில் பொருத்திய நிலையான கத்தியோடு சேர்ந்து, வெளியே தொங்கும் புல்லைக் கத்தரித்துவிட்டு, உள்ளே இருப்பதை ஒரு பத்தையாக நசுக்குகிறது. கட்டை அவிழ்த்ததும் அது பத்தை பத்தையாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பத்தையும் பிளஞ்சரின் ஓர் அடி.

அப்பத்தை பின்னால் நகர வேண்டுமானால், அதற்குப் பின்னாலிருக்கும் கட்டுகள் அனைத்தும் நகர்ந்தாக வேண்டும். அவற்றை அறையின் பின்பகுதியிலுள்ள தண்டவாளம் போன்ற பட்டைகள், திருகும் ஸ்பிரிங்கும் கொண்டோ ஹைட்ராலிக் உருளை கொண்டோ இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்த உராய்வை மீறும் அளவுக்குப் பிளஞ்சர் அழுத்திய பிறகே வரிசை முழுதும் சற்று நகரும். ஆகவே பேலரில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது பிளஞ்சர் அன்று, பின்னாலிருக்கும் உராய்வுதான். பிளஞ்சர் விலகும்போது பத்தை மீண்டும் விரிந்து முன்னால் வந்துவிடாதபடி, சுவரிலுள்ள சிறு தடுப்பு நாக்குகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த நாக்குகளின் ஸ்பிரிங் தளர்ந்துபோன இயந்திரத்தில், பின்னால் எவ்வளவு இறுக்கினாலும் கட்டு உறுதியாக வராது. பலரும் கடைசியாகத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் முதல் கட்டுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும்?

வராது. முதல் கட்டும் பெரும்பாலும் இரண்டாவது கட்டும் தளர்வாகத்தான் இருக்கும், அவற்றை அவிழ்த்து மறுபடி போட வேண்டியதுதான். பருவ முடிவில் அறையில் ஒரு கட்டை விட்டுவைத்தால் அடுத்த முறை உதவுமே என்று சிலர் விட்டுவைப்பார்கள். நான் அதைச் செய்வதில்லை, ஏனெனில் அது ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது.

கேள்வி: கைவிரல் இல்லாமல் ஓர் இயந்திரம் எப்படி முடிச்சுப் போடுகிறது? பலமுறை உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை.

பிடிபடாததில் வியப்பில்லை. பிளஞ்சர் நிமிடத்திற்கு 90 முறை அடித்தால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. முடிச்சு ஏறத்தாழ அந்த அவகாசத்திற்குள் விழுந்துவிடுகிறது.

முதலில் கயிறு கிடக்கும் நிலையைப் பாருங்கள். கயிற்றின் ஒரு முனை, அறையின் மேலேயுள்ள வெட்டுவாய் கொண்ட வட்டில் கவ்வப்பட்டிருக்கிறது. அங்கிருந்து அது அறைக்குக் குறுக்கே இறங்கி, அடியில் காத்திருக்கும் வளைந்த ஊசியின் கண் வழியாகக் கயிற்றுப் பெட்டிக்குச் செல்கிறது. வரும் புல் இந்தக் குறுக்குக் கயிற்றைத் தள்ளிக்கொண்டே பின்னால் போவதால், கட்டின் பின்முகம், மேல், அடி என மூன்று பக்கமும் கயிறு தானாகவே சுற்றிவிடுகிறது. மிஞ்சியிருப்பது முன்முகம் மட்டுமே.

கட்டோடு சேர்ந்து உருளும் பல்சக்கரம் ஒன்று நீளத்தை அளந்துகொண்டே வருகிறது. குறித்த நீளம் வந்ததும் அது முடிச்சுப் பொறியை இயக்கும் கிளட்சை விடுவிக்க, பிளஞ்சர் புல்லை முழுதாக அழுத்திப் பிடித்திருக்கும் தறுவாயில், பிளஞ்சரின் முகத்திலுள்ள காடிகள் வழியாக ஊசிகள் மேலே எழுந்து, நான்காம் பக்கத்தையும் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து, முதல் இழைக்கு அருகிலேயே வட்டில் வைக்கின்றன. வட்டு சிறிது திரும்பிப் புதிய இழையையும் கவ்விக்கொள்கிறது. இப்போது இரண்டு இழைகளும், பறவையின் அலகைப் போல வளைந்த ஒரு சிறிய கொக்கியின்மேல் கிடக்கின்றன.

அந்த அலகு ஒரே ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. சுற்றும்போது இரு இழைகளும் சேர்ந்து அதன் கழுத்தில் ஒரு கண்ணியாக விழுகின்றன. சுற்றின் முடிவில் அலகு வாயைத் திறந்து, தனக்கும் வட்டுக்கும் இடையிலுள்ள இழைகளைக் கவ்வி மூடிக்கொள்கிறது. உடனே கத்தி, கவ்விய இடத்திற்கும் வட்டுக்கும் நடுவே இழைகளை அறுக்கிறது. பிறகு ஒரு கை வந்து, கழுத்திலிருக்கும் கண்ணியை அலகின் நுனி வழியாக வழித்துத் தள்ளுகிறது. நுனியோ அறுந்த முனைகளைக் கவ்விக்கொண்டிருப்பதால், கண்ணி அம்முனைகளின்மேலேயே நழுவி முடிச்சாக இறுகிவிடுகிறது. இரு இழைகளையும் ஒன்றாகப் பிடித்து நாம் கையால் போடும் சாதாரண ஒற்றை முடிச்சுதான் இது. இதற்குள் ஊசி கீழே இறங்கி, அடுத்த கட்டுக்கான குறுக்குக் கயிற்றை விட்டுச்சென்றிருக்கும்.

இதைத் தாளில் படித்துப் புரிந்துகொள்வது கடினம். ஒரு பென்சிலையும் இரண்டு நூல்களையும் எடுத்துக்கொண்டு செய்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். கதிர்களை அரிக்கட்டாகக் கட்டும் இயந்திரங்களுக்காக 1870களின் இறுதியில் அமெரிக்கரான ஜான் ஆப்பிள்பி செம்மைப்படுத்திய அமைப்பின் வழிவந்ததுதான் இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

கேள்வி: ஒரு பக்கக் கயிறு மட்டும் அடிக்கடி அவிழ்ந்துவிடுகிறது. முடிச்சுப் பொறியின் எல்லாத் திருகுகளையும் திருகிப் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும் திருகியதுதான் இப்போது முதல் சிக்கல். ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதுவும் கால் சுற்று, பிறகு சில கட்டுகள் என்று போக வேண்டும். திருகும் முன் அவிழ்ந்த கயிற்றின் முனையைப் பாருங்கள். முனை பிசிறு பிசிறாகப் பிய்ந்திருந்தால், வட்டின் பிடி அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, கயிறு அங்கே நசுங்கி அறுகிறது. முனை சீராக இருந்தும் முடிச்சில் சேராமல் போயிருந்தால், பிடி தளர்ந்து கயிறு நழுவியிருக்கலாம், அல்லது ஊசி அதை வட்டின் வெட்டுவாயில் சரியாக வைக்காமல் இருந்திருக்கலாம். முடிச்சு விழுந்தும் அலகிலேயே தொங்கி, கட்டு நகரும்போது அறுந்தால், வழிக்கும் கை அலகை ஒட்டி உரசவில்லை, அல்லது அலகின் ஸ்பிரிங் மிக இறுக்கம், அல்லது அலகு துருவேறிச் சொரசொரப்பாக இருக்கிறது. முடிச்சு இறுகும் முன்பே முனைகள் உருவிக்கொண்டால் அதே ஸ்பிரிங் மிகத் தளர்வு.

இத்தனைக்கும் முன்னால், கத்தியைத் தீட்டி, பொறியின்மேல் படிந்த தூசியையும் உமியையும் ஊதித் துடைத்துவிடுங்கள். என்னிடம் வந்த பழுதுகளில் பாதிக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

கேள்வி: திருகைத் தொடவே இல்லை. ஆனால் காலையில் கட்டு கல்லாகக் கனக்கிறது, உச்சிவெயிலில் தளர்ந்து சரிகிறது. ஏன்?

முதல் பதிலில் சொன்ன உராய்வுதான் காரணம். பனி ஏறிய புல் சுவரைப் பற்றிக்கொள்கிறது, நன்றாகக் காய்ந்த புல் வழுக்குகிறது. எனவே ஒரே இறுக்கம், ஈரப்புல்லில் மிகையாகவும் காய்ந்த புல்லில் குறைவாகவும் வேலை செய்யும். வெயில் ஏற ஏறப் படிப்படியாக இறுக்கி, மாலையில் ஈரம் திரும்பும்போது தளர்த்த வேண்டும். தளர்த்த மறந்தால் கயிறு அறும், சில நேரம் அதைவிட விலை உயர்ந்தவையும் உடையும். வைக்கோல் புல்லைவிட வழவழப்பானது என்பதால் அதற்கு எப்போதும் கூடுதல் இறுக்கம் வேண்டும், சிலர் அறைச் சுவரில் கூடுதலாக ஆப்புத் தகடுகளையும் பொருத்துகிறார்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி, ஆதலால் கத்திகளும் ஊட்டும் விரல்களும் விரைவில் தேயும்.

ஓர் அளவுகோல் வேண்டுமானால்: 36 × 46 சென்டிமீட்டர் முகமும் 90 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட கட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 0.15 கன மீட்டர். அது 20 கிலோ நின்றால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 135 கிலோ அடர்த்தி.

கேள்வி: கட்டுகள் வாழைப்பழம் போல வளைந்து வருகின்றன.

ஒரு பக்கத்தில் புல் கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் அடைகிறது. அடர்ந்த பக்கம் வெளியே வந்ததும் அதிகமாக விரிவதால் கட்டு வளைகிறது. ஊட்டும் விரல்கள் அறையின் கடைக்கோடி வரை புல்லைக் கொண்டுசேர்க்கின்றனவா என்று பார்த்து, அவற்றின் எட்டும் தூரத்தை மாற்றுங்கள். ஓட்டும் வேகமும் காரணமாகலாம். 90 சென்டிமீட்டர் கட்டுக்கு 12 முதல் 18 பத்தைகள் வருவது நல்லது. வேகமாக ஓட்டி ஏழெட்டுத் தடித்த பத்தைகளில் கட்டை முடித்தால் வடிவமும் கெடும், நீளமும் கட்டுக்குக் கட்டு மாறும். எப்போதும் ஒரு முழுப் பத்தை முடிந்த பிறகுதானே முடிச்சு விழும்?

கேள்வி: ஃபிளைவீலின் (கனமான சுழல்சக்கரத்தின்) ஷியர் போல்ட் அடிக்கடி முறிகிறது. உறுதியான போல்ட் போட்டுவிடலாமா?

வேண்டாம். இளம் வயதில், அவசரத்திற்குக் கையில் கிடைத்த உயர்தரப் போல்ட்டைப் போட்டு ஓட்டினேன். போல்ட் முறியவில்லை, ஊசிகள் முறிந்தன. அறையில் ஏதோ சிக்கும்போது முறிவதற்காகவே அந்தப் போல்ட் இருக்கிறது. ஊசிகள் உள்ளே இருக்கும்போது பிளஞ்சர் வந்து மோதாதபடி, அறைக்குள் நீட்டிக்கொண்டு பிளஞ்சரை நிறுத்தும் தடைக்கட்டை ஒன்றும் உண்டு. அந்தத் தடையில் பிளஞ்சர் மோதி நின்றாலும் முறிய வேண்டியது ஷியர் போல்ட்தான். திரும்பத் திரும்ப முறிந்தால், மழுங்கிய கத்தி, இரு கத்திகளுக்கு இடையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்துவிட்ட இடைவெளி, அளவுக்கு மீறிய இறுக்கம், பிளஞ்சருக்கும் ஊசிக்கும் இடையிலான நேரப் பொருத்தம் பிசகியது ஆகியவற்றை அதே வரிசையில் ஆராயுங்கள்.

கேள்வி: உருளைக் கட்டுப் பேலரில் முடிச்சே இல்லையே, கட்டு எப்படி நிற்கிறது?

அங்கே புல் பாயைப் போலச் சுருட்டப்படுகிறது. கட்டு சுழன்றுகொண்டே இருக்கும்போது கயிறோ வலையோ அதன்மேல் சுற்றப்பட்டு அறுக்கப்படுகிறது. மேலேயுள்ள சுற்று கீழேயுள்ளதை அழுத்துவதால் உராய்வே முனையைப் பிடித்துக்கொள்கிறது. வலை இரண்டு மூன்று சுற்றில் முடியும். கயிற்றுக்குப் பல சுற்று வேண்டும் என்பதால் நேரம் கூடும்.

அழுத்தும் விதத்தில் இரு வகை உண்டு. பெல்ட்டுகள் கொண்ட பேலரில், கட்டு சிறிதாக இருக்கும்போதே பெல்ட்டுகள் அதை இறுக்கிக்கொண்டு, அது வளர வளர விலகிக் கொடுக்கின்றன. அதனால் நடுப்பகுதியும் கெட்டியாக இருக்கும். ரோலர்கள் கொண்ட பேலரில் அறையின் அளவு மாறாது. அது நிரம்பிய பிறகே அழுத்தம் ஏறுவதால் வெளிப்புறம் இறுகி, நடுப்பகுதி தளர்வாக நிற்கும். சற்று ஈரமான புல்லுக்கு அந்தத் தளர்ந்த நடு காற்றோட்டம் தரும்.

கேள்வி: பெரிய சதுரக் கட்டுகளில் ஒரு கயிற்றுக்கு இரண்டு முடிச்சுகள் இருப்பது ஏன்?

சிறிய பேலரில் கட்டு வளரும் நேரமெல்லாம் கயிறு அதைச் சுற்றி இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. பெரிய கட்டின் அழுத்தத்தில் அப்படி இழுபட்டால் வட்டின் பிடியிலிருந்து கயிறு உருவிக்கொள்ளும். ஆகவே மேலிருந்து ஓர் இழை, கீழிருந்து ஓர் இழை எனத் தனித்தனியாக விட்டு, கட்டின் தொடக்கத்தில் ஒரு முடிச்சும் முடிவில் ஒரு முடிச்சும் போட்டு இரண்டையும் இணைக்கிறார்கள். கட்டு வளரும்போது கயிறு அதன்மேல் நழுவுவதில்லை.

கேள்வி: கற்றாழை நார்க் கயிறா, பிளாஸ்டிக் கயிறா?

இரண்டிலும் நல்ல முடிச்சு விழும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் வட்டின் பிடியையும் அலகின் ஸ்பிரிங்கையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். பிளாஸ்டிக் மக்காது, மாடு தின்றால் வயிற்றில் தங்கும். அவிழ்த்த கயிற்றை எண்ணி எடுத்துவைக்கும் பொறுமை இல்லாதவர் நாருக்கே செல்லட்டும்.

கேள்வி: அடுக்கிய கட்டுகளுக்குள் கையை விட்டால் சுடுகிறது.

ஈரத்தோடு கட்டியிருக்கிறீர்கள். சிறிய கட்டுக்கு 18 முதல் 20 சதவீத ஈரம் வரை தாங்கும், பெரிய சதுரக் கட்டுக்கு 15, 16க்கு மேல் போகக் கூடாது, ஏனெனில் அடர்த்தி கூடக் கூட உள்வெப்பம் வெளியேற வழியில்லை. அடுக்குக்குள் வெப்பமானியை நுழைத்து நாள்தோறும் பாருங்கள். 65 பாகை செல்சியசைத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது, 80ஐ எட்டினால் எப்போது வேண்டுமானாலும் தீப்பற்றும். கட்டிய இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை இது நேரக்கூடும். மிகச் சூடாக இருக்கும் அடுக்கைத் தாமாகவே பிரிக்கத் தொடங்க வேண்டாம். உள்ளே காற்றுப் புகுந்ததும் கனன்றுகொண்டிருப்பது சுடர்விட்டு எரியும். தீயணைப்புத் துறையினரை வரவழைத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

கேள்வி: முடிச்சுப் பொறியை இயந்திரம் ஓடும்போதே சோதிக்கலாமா?

ஒருபோதும் கூடாது. பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் ஃபிளைவீல் சுழன்றுகொண்டிருக்கும். அது முற்றிலும் நின்று, டிராக்டரின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு, கிளட்சைக் கையால் விடுவித்து, ஃபிளைவீலை இயங்கும் திசையில் கையாலேயே மெல்லத் திருப்புங்கள். ஊசி எழுவது, வட்டு கவ்வுவது, அலகு சுற்றுவது எல்லாம் கண்ணுக்கெதிரே நிதானமாக நடக்கும். ஒருவர் திருப்ப, மற்றவர் விரல்களை எட்டவே வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.